தாய்மாமன் மடியில் சார்வான தடையுத்தரவு

விழுப்புரம் ஜில்லா முன்சீப் கோர்ட்டில் பதினெட்டாண்டுகள் சேவகராக இருந்த விருத்தாசலம், எடுத்துச் சென்ற காகிதம் ஒன்றையேனும் சார்வாகாமல் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. கோர்ட்டின் காகிதத்தை உரியவர் கையிலேயே சேர்ப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமோ ரேகையோ வாங்கி வருவதற்குத்தான் சார்வு என்று பெயர். ஊரார் அவரை அமீனா என்று அழைத்தனர். அமீனா என்பது அவருக்கு ஒரு படி மேலே இருந்த உத்தியோகம். சர்க்கார் தராத பதவி உயர்வை ஊரார் மனமுவந்து தந்தபோது, அதை மறுக்கும் அளவுக்கு அவர் பற்றற்றவர் அல்லர்.

குறுகிய உடம்பு, நெற்றி நிறைந்த திருநீறு, தோளின் குறுக்கே சிவப்புப் பட்டை, பட்டையின் நடுவே எலுமிச்சங்காய் போட்டுத் துலக்கிய பித்தளை வில்லை. அவர் வருகிறார் என்பதை அந்த வில்லையின் ஒளியே அரை மைல் முன்னதாக அறிவித்துவிடும். வில்லையைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு போனால் வேலை எளிதாகுமே என்று கூட இருந்தவர்கள் சொல்வதுண்டு. "வில்லைய மறைச்சிக்கினு குடுக்குற காயிதம் திருட்டுக் காயிதம். நா சர்க்காரு ஆளு, திருடன் இல்ல" என்பார்.

ஒளிவு மறைவு இல்லாதவருக்கு உதவியாக இருந்தது அவருடைய பொறுமையும் பாட்டும். ஒருமுறை விக்கிரவாண்டிப் பக்கத்தில் சம்மனுக்கு அஞ்சிய ஒருவர் புளியமரத்தின் உச்சியில் ஏறிக்கொண்டார். விருத்தாசலம் கீழே துண்டை விரித்து அமர்ந்து, தமக்குத் தெரிந்த பதிகங்களை எல்லாம் வரிசையாகப் பாடத் தொடங்கினார். பக்தி உண்டு, சுருதி கிடையாது. நான்காம் பதிகத்தின் ஆறாம் பாட்டில் மரத்திலிருந்தவர் இறங்கி வந்து, "எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க" என்று கேட்டார்.

அவர் மனைவி சின்னபொண்ணுக்கு மட்டும் அந்த உத்தியோகத்தில் மதிப்பில்லை. "ஊரு உலகத்துல ஆம்பளைங்க வந்தா வாங்கன்னு சொல்றாங்க. உங்களப் பாத்தா கொல்லப்பக்கமா ஓடறாங்க" என்பாள்.

அப்படிப்பட்டவரை ஒரு வாய்க்கால் நிறுத்திவிட்டது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் ஆண்டின் இறுதியில் நேர்ந்தது.

அக்காலத்தில் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட நிலம், பழந்துணியில் ஒட்டுப் போட்டாற்போல், ஓரூர் இந்தியாவாகவும் அடுத்த ஊர் பிரெஞ்சாகவும் கிடந்தது. காலையில் இந்தியாவில் மேய்ந்த மாடு மாலையில் பிரெஞ்சில் பால் கறந்தது. வளவனூருக்குக் கிழக்கே ஒரு வாய்க்காலும், அதன் கரையில் ஒரு எல்லைக்கல்லும் இருந்தன. கல்லுக்கு மேற்கே இந்திய அரசின் ஆணை செல்லும், கிழக்கே செல்லாது.

வாய்க்காலுக்குக் கிழக்கே வீடும் மேற்கே நான்கு காணி நன்செய்யும் உடையவர் தெய்வசிகாமணி. எட்டாண்டுகளுக்கு முன் வளவனூர் கோவிந்தம்மாளை மணந்தார். ஒரு பெண் பிறந்தது. பின்னர் சைகோனுக்குப் போய்ப் பிரெஞ்சுக்காரர் அலுவலகம் ஒன்றில் ஆறாண்டு கதவு திறந்து மூடினார். திரும்பி வந்தபோது ஒரு தொப்பி, ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு கிராமபோன் ஆகியவற்றோடு, புதுச்சேரியில் பென்ஷன் வாங்கும் சார்ஜண்டு ஒருவரின் மகளை மணக்கலாம் என்ற எண்ணத்தையும் கொண்டுவந்தார். கோவிந்தம்மாளும் ஆறு வயது வெள்ளையம்மாளும் வண்டியேறி வளவனூருக்குத் திரும்பினார்கள்.

புதுச்சேரியில் ஓர் ஏற்பாடு இருந்தது. பதிவேட்டில் ஒரு கையெழுத்திட்டால், பிறந்த குலத்தின் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் புகுந்துவிடலாம். துறந்தவர் தமக்கென்று ஒரு குடும்பப் பெயரும் தேர்ந்துகொள்ளலாம். தெய்வசிகாமணி கையெழுத்திட்டு, முசே, அதாவது திருவாளர், மொந்திஞாக் ஆனார். அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கே மூச்சை ஒருமுறை இழுத்துவிட வேண்டியிருந்தது. ஆனதும் புதுச்சேரிக் கோர்ட்டில் ஒரு வழக்குத் தொடுத்தார். வளவனூரில் அம்மி மிதித்து நடந்த அந்தக் கலியாணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் இல்லை. ஆகவே அது கலியாணமே அன்று என்பது வழக்கு. ஐம்பத்து மூன்றாம் ஆண்டு தை மாதம் இருபத்து நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, தீர்ப்புக்கு வைத்திருந்தார்கள்.

கோவிந்தம்மாள் விழுப்புரம் வக்கீல் சீனுவாசனிடம் வந்தாள்.

"தீத்துவுடச் சொல்லிக் கேக்கறாருங்களா?" என்றாள்.

"இல்லேம்மா. தீக்கறதுக்கு மொதல்ல கலியாணம் நடந்திருக்கணுமே. நடக்கவே இல்லேங்கறார்."

"அப்ப ரெண்டு வருஷம் அந்த வூட்டுல நா யாருக்குக் கேப்பைக்களி கிண்டினேன்? எம் பொண்ணு யாரு பொண்ணு? அவரு போனாப் போவட்டுங்க. நா எதுவுமே இல்லாம பூட்டேன்னு ஒரு கோர்ட்டு எழுதக் கூடாது. நம்ம கோர்ட்டு அந்தக் கோர்ட்ட நிறுத்தச் சொல்லாதா?"

"அந்தக் கோர்ட்டுக்கு உத்தரவு போட நம்ம கோர்ட்டுக்கு அதிகாரம் கிடையாது. ஆனா அங்க வழக்கு நடத்தறது யாரு? உன் வூட்டுக்காரர். 'நீ அங்க போய் இதை நடத்தாதே'ன்னு அந்த ஆளுக்கு உத்தரவு போடலாம். அதுக்குத் தடையுத்தரவுன்னு பேரு. கட்டறது கோர்ட்டை இல்லே, ஆளை."

"சொன்னாக் கேக்கற ஆளா இருந்தா நா எதுக்குங்க இங்க வர்றேன்?"

"கேக்கலேன்னா வாய்க்காலுக்கு இந்தாண்ட இருக்கற நாலு காணியை ஜப்தி பண்ணலாம்."

கோவிந்தம்மாள் சற்றே எண்ணிப் பார்த்தாள். "அப்பக் கேப்பாரு" என்றாள். "நானும் பொண்ணும் எதிர்ல வந்தா மூஞ்சத் திருப்பிக்கறாரு. அந்த நாலு காணியப் பாத்தா மட்டும் செருப்பக் கழட்டறாரு."

முன்சீப் தடையுத்தரவு அளித்தார். ஆனால் உத்தரவு ஆளைக் கட்ட வேண்டுமென்றால் ஆளின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதுவும் இந்திய மண்ணில் சேர வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பியது, 'இப்பெயருடையார் இங்கில்லை' என்ற பிரெஞ்சு முத்திரையோடு திரும்பிவந்தது. அதன்மேல்தான் காகிதம் விருத்தாசலத்தின் பைக்குள் புகுந்தது.

முதல் நாள் அவர் வாய்க்கால் கரையை அடைந்தபோது, கல்லுக்கு அப்பால் நாவல் மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டுத் தெய்வசிகாமணி அமர்ந்திருந்தார். எதிரே மேற்குக் கரையில் அவருடைய வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஆட்களை அவர் பிரெஞ்சிலிருந்தபடியே இந்தியாவுக்குள் அதட்டிக்கொண்டிருந்தார். வில்லை கண்ணில் பட்டதும் அதட்டலை நிறுத்தினார்.

"வாங்க அமீனா. வூட்ல எல்லாரும் சௌக்கியமா? அங்கியே நில்லுங்க. அந்தக் கல்லுக்கு இந்தாண்ட கால வெச்சீங்கன்னா போலீசு புடிச்சிக்கினு பூடும்."

"நீங்க ரெண்டு எட்டு இந்தாண்ட வந்தாப் போதுங்க. ஒரே ஒரு காயிதம்."

"எனக்கு எதுக்குக் காயிதம்? நா படிச்சதெல்லாம் போதும்."

"வயலு பயிரப் பக்கத்துல வந்து பாக்க வேணாமுங்களா? பூச்சி வுழுந்தாப்பல இருக்குதே."

"கண்ணாடி போட்டுக்கினு இங்கேந்தே பூச்சிய எண்ணுவேன்" என்று சொல்லித் தெய்வசிகாமணி காலை நீட்டிக்கொண்டார்.

இரண்டாம் முறை விருத்தாசலம் ஒரு நீண்ட மூங்கில் துரட்டியின் நுனியைப் பிளந்து, அதில் காகிதத்தைச் செருகி, வாய்க்காலுக்கு மேலே நீட்டினார். துரட்டி கல்லைக் கடந்தது. தெய்வசிகாமணி நாற்காலியை இரண்டடி பின்னுக்கு இழுத்தார். விருத்தாசலம் ஒரு சாண் நீட்டினார். நாற்காலி இன்னும் இரண்டடி போயிற்று. இந்தியக் கோர்ட்டின் முத்திரை அந்நிய மண்ணின்மேல் காற்றில் ஆடுவதை அப்போதுதான் உணர்ந்தவராய், விருத்தாசலம் துரட்டியை உள்ளே இழுத்துக்கொண்டார். களையெடுத்த பெண்கள் வேலையை மறந்து நின்றார்கள். இரு அரசுகளுக்கு இடையே நடந்த அந்தப் போரில் அன்றைக்கு அரை நாள் களை நின்றுபோனதே மெய்யான சேதம்.

மூன்றாம் முறை, உத்தரவைக் கரையில் நின்றபடி உரக்கப் படித்தார். தெய்வசிகாமணி கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார். ஊசி தேய்ந்த தட்டுக்கும் சுருதியற்ற குரலுக்கும் நடந்த போட்டியில் நாவல் மரத்துக் காக்கைகள் எழுந்து ஊருக்குள் போயின.

"இன்னொண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க" என்றார் தெய்வசிகாமணி, தட்டு ஓய்ந்ததும். "அந்தக் காயிதத்துல இன்னா பேரு போட்டிருக்குது?"

"சுந்தரமூர்த்தி மகன் தெய்வசிகாமணி."

"அந்த ஆளு இங்க இல்ல. நா முசே மொந்திஞாக். சர்க்காரு புஸ்தகத்துல ஏறிடுச்சி. நாளைக்கி நா தெரியாத்தனமா அந்தாண்ட வந்தாலும், பேரு தப்புன்னு சொல்லிட்டுப் போய்க்கினே இருப்பேன்."

நான்காம் முறையும் ஐந்தாம் முறையும் போய்வந்ததைச் சொல்லிப் பயனில்லை. சின்னபொண்ணு சோறு போடும்போது, "தெனம் தெனம் வாய்க்காங்கரைக்குப் போறீங்களே, ரெண்டு கெண்டையாவது புடிச்சிக்கினு வரலாமில்ல?" என்று மட்டும் கேட்டாள். கோர்ட்டிலோ, சேவகர்களுக்குத் தலைவரான நாசர், தை இருபத்து மூன்றாம் தேதிக்குள் காகிதம் வராவிட்டால், 'சார்வாகவில்லை' என்று சிவப்பு மையில் எழுதிவிடப் போவதாகச் சொன்னார். பதினெட்டாண்டு காலம் கருப்பு மையால் மட்டுமே எழுதப்பட்டு வந்த தம் பெயருக்கு எதிரே சிவப்பைக் காண்பதா என்று விருத்தாசலம் இருவேளை உணவைக் குறைத்தார்.

தை பதினெட்டாம் நாள், கோர்ட்டு வேப்பமரத்தடியில் கோவிந்தம்மாள் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க வாய்க்காங்கரைக்குப் போறத வுட்டுடுங்க. பெருமுக்கல் மலைக்குப் போங்க."

"பிரார்த்தனையாம்மா?"

"அது உங்க இஷ்டம். எங்க வூட்டுக்காரரோட அக்கா பவுனு அண்ணிய அங்கதான் குடுத்திருக்குது. அது புள்ளைக்குத் தை இருவத்திரெண்டு, புதன்கெழம, மலைமேல காதுகுத்து. எனக்கும் மஞ்சக் காயிதம் வந்திருக்குது. தாய்மாமன் மடி இல்லாம காது குத்துவாங்களா?"

"பெருமுக்கல்லு இந்தியா ஆச்சேம்மா. அவுரு வருவாரா?"

"வருவாரு. வராமப் போனா மடியத் தயாரா வெச்சிக்கினு பெரியப்பா மகன் சக்கரபாணி குந்திக்கினு இருக்காரு."

சக்கரபாணியைப் பற்றி அவள் மேலும் விளக்கினாள். ஒரே வயது, ஒரே தெரு. கோயில் மரியாதையில் யார் முன்னே, பந்தியில் யார் முதல் இலை என்று சிறு வயது முதல் இருவருக்கும் ஓயாத வழக்கு. பவுனுக்கு அவரும் தம்பி முறைதான். சொந்தத் தம்பி வராத இடத்தில் தாய்மாமனாக அமர அவருக்கு உரிமை உண்டு. "இவுரு சைகோன்லேந்து வந்ததே சக்கரபாணிக்குத் தொப்பியக் காட்டத்தான்" என்று முடித்தாள்.

"உங்க அண்ணிக்கு நா வர்றது தெரியுமா?"

"சொல்லலண்ணே. சொன்னா தம்பியா நானான்னு அது பாவம் ரெண்டு நாளு தூங்காது. அங்க நேர்ல பாத்துக்கட்டும்."

பெருமுக்கல் விழுப்புரம் கோர்ட்டின் எல்லையில் இல்லை. திண்டிவனம் கோர்ட்டின் எல்லையில் இருந்தது. எனவே செவ்வாய்க்கிழமை பாசஞ்சர் ரயிலில் விருத்தாசலம் திண்டிவனம் சென்று, அந்தக் கோர்ட்டு நாசர் முன்னால் காகிதத்தை வைத்தார்.

"எங்க எல்லைக்குள்ள எங்க ஆளுதான் குடுக்கணும்" என்றார் அந்த நாசர்.

"குடுக்கட்டுங்க. நாளைக்கிக் காலைல மலைமேல ஏறணும்."

திண்டிவனம் சேவகர் அறையின் மூலையில் வீங்கிய காலை முக்காலிமேல் தூக்கி வைத்து அமர்ந்திருந்தார். மலை என்ற சொல்லைக் கேட்டதும் காலை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நாசரைப் பார்த்தார். நாசர் காலைப் பார்த்தார். பிறகு, 'இக்கட்டளையை விழுப்புரம் விருத்தாசலமே இவ்வெல்லையில் சார்வு செய்யலாம்' என்று எழுதி முத்திரையிட்டார். அந்தப் பரபரப்பில் ரேகை எடுக்கும் மைப்பெட்டியை விருத்தாசலம் அவர் மேசைமீதே மறந்து வைத்துவிட்டார். அது மறுநாள் மலைமேல்தான் தெரியவரப் போகிறது.

புதன்கிழமை விடிந்ததும் மலையடிவாரத்தில் நீராடி, திருநீறு பூசி, வில்லையைத் துலக்கி அணிந்துகொண்டார். ஒரு தயக்கம் அவர் நெஞ்சில் இருந்தது. இறைவன் சந்நிதியில் கோர்ட்டுக் காகிதத்தை நீட்டுவது தகுமா? படியேறும்போதே அதைப் பற்றி இறைவனிடமே முறையிட்டார். மேலே போய்ச் சேர்ந்தபோது, காதுகுத்துக்குப் பாய் விரித்திருந்தது கோயிலுக்குள் அன்று, வெளியே இருந்த கல் மண்டபத்தில் என்று கண்டார். தம் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக மகிழ்ந்து, எல்லாரும் காணும்படி ஒரு தூணருகே நின்றார். ஆனால் அந்நேரம் எல்லாரும் கண்டுகொண்டிருந்தது தெய்வசிகாமணியின் தொப்பியை.

மலைப்படியில் செருப்பணிவதில்லை என்பதால் பூட்ஸைக் கீழே விட்டுவிட்டு வந்திருந்தார். ஆறாண்டு பூட்ஸுக்குப் பழகிய பாதங்கள். கல் ஒவ்வொன்றும் அவருக்கு வேறு வேறாகத் தெரிந்திருக்க வேண்டும். தொப்பி மட்டும் கலையவில்லை. மண்டபத்தின் மறு ஓரத்தில் சக்கரபாணி, தோளில் புதுத் துண்டோடு, எதற்கும் ஆயத்தமானவராய் அமர்ந்திருந்தார். கோவிந்தம்மாள் தேங்காய், பழம், புதுத்துணி வைத்த வரிசைத் தட்டோடு பவுனுக்கு அருகில் நின்றாள். தெய்வசிகாமணி அவளைக் கண்டதும் கோபுரத்தின் கலசங்களை எண்ணலானார்.

பவுனு, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய மூன்று வயது மகனைத் தூக்கி வந்து தம்பியின் மடியில் இருத்தினாள். குழந்தை முன்கூட்டியே அழத் தொடங்கியிருந்தது. காது குத்தும் மாசிலாமணிப் பத்தர் பொன்கம்பியை விளக்கில் காட்டி எடுத்துக்கொண்டு, குழந்தையின் காது மடலைப் பற்றினார். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கம்பி இறங்குமுன் மாமன் தன் தகப்பன் பெயரையும் தன் பெயரையும் சபையறியச் சொல்லி, 'மடி தந்தேன்' என்று கூற வேண்டும். சொன்னவனே மாமன், நாளைக்குக் குழந்தையின் கலியாண மேடை வரைக்கும் முதல் மரியாதை அவனுக்கே.

"தாய்மாமன் பேரச் சொல்லுங்க" என்றார் பத்தர்.

தெய்வசிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு தலையை நிமிர்த்தினார். நேர் எதிரே, தூணருகே, பித்தளை வில்லை காலை வெயிலில் சுடர்விட்டது. அதன் பக்கத்தில் ஒரு கையில் காகிதத்தோடு விருத்தாசலம் பணிவாக நின்றார். தெய்வசிகாமணி பெயரை விட்டுவிட்டு எழ முயன்றார்.

"அசையாதீங்க. ஓட்ட கோணலாப் பூடும்" என்றார் பத்தர்.

"பேரச் சொல்லு தம்பி. நல்ல நேரம் போய்க்கினு இருக்குது" என்றாள் பவுனு.

தெய்வசிகாமணி மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, "முசே மொந்திஞாக்" என்றார்.

பத்தர் கம்பியைச் சற்றே விலக்கிக்கொண்டார்.

"யாருடா அது?" என்றாள் பவுனு.

"நாந்தாங்க்கா. புதுச்சேரில புஸ்தகத்துல எழுதியிருக்குது."

"எங்கப்பன் பேரு சுந்தரமூர்த்தி. எந்தம்பி பேரு தெய்வசிகாமணி. நீ சொல்ற ஆளு எங்க வூட்டுல பொறக்கல. அந்த ஆளு மடியில நா எதுக்கு எம் புள்ளைய ஒக்கார வெக்கணும்?"

"பேருல இன்னா இருக்குது அக்கா. ஜல்தியாக் குத்தச் சொல்லு."

"பேருல ஒண்ணுமில்லன்னா சொல்றதுக்கு உனக்கு இன்னா கஷ்டம்?"

இதற்குள் சக்கரபாணி தோளில் இருந்த துண்டை எடுத்து உதறிப் பாயின் மறுகோடியில் விரித்து, சம்மணமிட்டு அமர்ந்து, தொடையை இரண்டு முறை தட்டிச் சரிபார்த்துக்கொண்டார். "சுந்தரமூர்த்தி சித்தப்பாவுக்கு நானும் புள்ளதான். எனக்குப் பொறந்ததுலேந்து ஒரே பேரு" என்று பொதுவாகச் சொன்னார். "புள்ள வெயில்ல காயுதே அக்கா. இப்படிக் குடு."

பவுனு குழந்தையின் அக்குளில் கை கொடுத்தாள். தெய்வசிகாமணி ஒருமுறை வில்லையைப் பார்த்தார். ஒருமுறை சக்கரபாணியின் தொடையைப் பார்த்தார். புதுச்சேரியில் ஒரு கையெழுத்தால் குலத்தின் சட்டம் முழுவதையும் துறந்துவிட்ட அவரால், அந்த அரை முழ மடியைத் துறக்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"சுந்தரமூர்த்தி மகன் தெய்வசிகாமணி. மடி தந்தேன்" என்றார்.

"சபைக்குக் கேக்கல" என்றார் சக்கரபாணி.

"தெய்வசிகாமணி. தெய்வசிகாமணி. போதுமா?"

"எனக்குப் போதுங்க" என்று விருத்தாசலம் தூணை விட்டு முன்னே வந்தார். பவுனுவை நோக்கிக் கைகூப்பி, "மன்னிச்சிக்கணும்மா. நா விழுப்புரம் கோர்ட்டுச் சேவகன். இவுரு பேருக்கு ஒரு உத்தரவு. உங்க கையால இவுர நீங்க எழுப்பிட்டீங்கன்னா நா படிக்கல" என்றார்.

பவுனு கோவிந்தம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். கோவிந்தம்மாள் தட்டை ஏந்தியபடி தலைகுனிந்து நின்றாள். அவள் பின்னால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற வெள்ளையம்மாள் மட்டும் அத்தையைப் பார்த்துச் சிரித்தது.

"படிங்க" என்றாள் பவுனு. "அதுக்குள்ள பத்தரு வேலைய முடிக்கட்டும்."

விருத்தாசலத்துக்கு உரக்கப் படிக்க ஒரே வழிதான் தெரியும். கோயில் எதிரே நிற்கிறோம் என்ற உணர்வும் சேர்ந்துகொள்ள, 'மேற்படி பிரதிவாதியாகிய தெய்வசிகாமணி' என்று பண்ணோடு எடுத்தார். 'புதுச்சேரி நியாயஸ்தலத்தில் தொடுத்திருக்கும் வழக்கைத் தானாகவோ பிறர் மூலமாகவோ மேற்கொண்டு நடத்தலாகாது' என்ற இடத்தில் குரல் உருகியது. மண்டபத்தின் வெளியே இருந்தவர்கள் பதிகம் என்றெண்ணிக் கைகூப்பினார்கள். 'மீறினால் அட்டவணையில் கண்ட நன்செய் நான்கு காணியும் ஜப்திக்குள்ளாகும்' என்ற கடையடியை அவர் இருமுறை பாடினார், அது வழக்கம். வலச்செவியில் கம்பி இறங்கியது முதல் வாக்கியத்தில். இடச்செவியில் நான்காம் வாக்கியத்தில். அந்தக் குரலைக் கேட்ட திகைப்பில் குழந்தை அழுவதையே மறந்துவிட்டது. முடிந்ததும் யாரோ, "சிவ சிவ" என்றார்கள்.

அசையாமல் அமர்ந்து கேட்டவர் தெய்வசிகாமணி ஒருவரே. வலக்கை குழந்தையின் தலையை அணைத்திருந்தது. எடுத்தால் பத்தர் விடமாட்டார். இடக்கைப் பெருவிரல் ஒன்றுதான் ஓய்வாக இருந்தது. ரேகை எடுக்கலாம் என்று பையைத் துழாவியபோதுதான் மைப்பெட்டி திண்டிவனத்தில் இருப்பது விருத்தாசலத்துக்குத் தெரிந்தது. பதினெட்டாண்டில் முதன்முறையாக அவர் முகத்தில் கலக்கம் தோன்றியது.

கோவிந்தம்மாள் ஓரடி முன்வந்து, வரிசைத் தட்டிலிருந்த குங்குமச் சிமிழைத் திறந்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்து நீட்டினாள். கணவன் பக்கம் திரும்பாமலே, "வெரல வெக்கச் சொல்லுங்க அண்ணே. எட்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி குங்குமத்தத் தொட்டு எனக்கு வெச்சாங்க. அவுங்களுக்குப் பழக்கந்தான்" என்றாள்.

தெய்வசிகாமணி பெருவிரலைக் குங்குமத்தில் தோய்த்துக் காகிதத்தில் வைத்தார்.

மறுநாள் விழுப்புரத்தில் முன்சீப் அந்தச் சார்வறிக்கையைக் கையிலெடுத்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு பார்த்தார். சார்வு செய்த இடம் என்ற பத்தியில், 'பெருமுக்கல் மலைமேல், பிரதிவாதி தம் மடியில் அக்காள் மகனை வைத்திருந்த நிலையில்' என்று கண்டிருந்தது. கீழே செக்கச்செவேலென்று ஒரு ரேகை.

"என்னய்யா இது, ரத்தமா?"

"குங்குமம் எஜமான்."

முன்சீப் அறிக்கையின் ஓரத்தில் ஒப்பமிட்டார். நாசர் சிவப்பு மைக்கூட்டை மூடிவைத்தார்.

வெள்ளிக்கிழமை புதுச்சேரிக் கோர்ட்டில் முசே மொந்திஞாக் தம் வழக்கைத் தாமே திரும்பப் பெற்றார். பென்ஷன் சார்ஜண்டு தம் மகளைக் காரைக்காலில் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. கோவிந்தம்மாள் உடனே கணவன் வீட்டுக்குப் போய்விடவில்லை. மனைவி என்பது எழுத்தில் அழியாமல் நின்றதே போதும் என்றிருந்தாள். பவுனு இருமுறையும், தெய்வசிகாமணி தொப்பியில்லாமல் மூன்று முறையும் வளவனூருக்கு வந்து கேட்ட பிறகு, கிராமபோன் கொல்லைப்புறத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வண்டியேறினாள்.

ஐம்பத்து நான்காம் ஆண்டு ஐப்பசியில் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. எல்லைக்கல்லின் மேல் கொக்குகள் உட்காரத் தொடங்கின. அடுத்த தையில், வேறொருவர் பேருக்குச் சம்மன் எடுத்துக்கொண்டு விருத்தாசலம் அவ்வழியே போனார். நாவல் மரத்தடியில் அதே சாய்வு நாற்காலியில் தெய்வசிகாமணி இருந்தார். வாய்க்காலுக்கு மேல் வில்லை மின்னியதும் அவர் பழக்கத்தால் நாற்காலியை இரண்டடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க போறீங்க இழுத்துக்கினு? இப்ப அதுவும் இந்தியாதான்" என்றாள். பிறகு வாய்க்கால் பக்கம் திரும்பி, "வாங்க அண்ணே, இந்தப் பக்கமா வந்து ஒரு வாய் மோரு குடிச்சிட்டுப் போங்க. யாருக்குங்க காயிதம்?" என்று கேட்டாள்.

"பக்கத்து வூட்டுக்குத்தாம்மா" என்று சொல்லி, விருத்தாசலம் எல்லைக்கல்லைத் தாண்டிக் காலை வைத்தார்.